பழைய வண்டிய அனுப்பிட்டு பெரிய எஸ்யூவி எடுக்கப் போறீங்களா, மொதல்ல டேப்ப எடுங்க

எங்க வீட்ல 2010 மாடல் டீசல் வண்டி ஒன்னு இருந்துச்சு, ஏழு சீட்டு. ரெண்டே முக்கால் லட்சம் கிலோமீட்டர் ஓடிடுச்சு. 2025 அக்னி நட்சத்திரத்துல அம்மாவ சிஎம்சிக்கு செக்கப்புக்கு கூட்டினு போறன், ஐடா ஸ்கடர் ரோட்ல டிராஃபிக்ல நிக்கறப்ப ஏசில அனல் காத்து வருது, அம்மா முந்தானையால விசிறிக்கினே "இன்னாடா இது, பஸ்ல வந்திருந்தா காத்தாவது வந்திருக்கும்"ன்னாங்க. அப்பவே முடிவு பண்ணிட்டன். ஆனா முடிவு பண்ணதுல இருந்து புது வண்டி வாசல்ல நிக்கற வரைக்கும் நாலு மாசம் ஆச்சு, அதுல தெரிஞ்சிகினத எல்லாம் வரிசையா எழுதறன். நம்ம வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் இருக்கறவங்களுக்கு உதவும்.

மாத்தணுமா வேணாமான்னு ரொம்ப குழம்பாதீங்க. ஆர்சிய எடுத்து தேதிய பாருங்க. சொந்த வண்டிக்கு ஆர்சி 15 வருஷம்தா, அப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். 600 ரூபா இருந்த அந்த ஃபீஸ் 2022 ஏப்ரல்ல காருக்கு 5,000 ஆச்சு, 20 வருஷம் தாண்டின காருக்கு 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆக்கிட்டாங்க. இது வெறும் ஃபீஸ், இதுக்கு மேல வண்டிய ஆர்டிஓ கிட்ட காட்டற அளவுக்கு ரெடி பண்ற செலவு இருக்கு பாருங்க, டிங்கரிங், டயர், சஸ்பென்ஷன் புஷ், அதுதா துட்டு. எங்க மெக்கானிக் கிட்ட ஒரு சீட்டுல எழுதி வாங்கனன், கூட்டிப் பார்த்தா வண்டி விக்கற வெலையில பாதி வருது. அதுக்கு மேல யோசிக்க ஒன்னும் இல்ல.

அடுத்தது எல்லாரும் நேரா ஷோரூம் போவாங்க. போவாதீங்க. மொதல்ல வீட்ட அளங்க.

ஸ்கார்ப்பியோ-N அகலம் 1917 மில்லிமீட்டர், சஃபாரி 1922, எக்ஸ்யூவி 700 வந்து 1890, ஃபார்ச்சூனர் 1855. பார்க்க ஃபார்ச்சூனர்தா மலை மாதிரி தெரியும் ஆனா அகலத்துல இந்த நாலுல அதுதா சின்னது, நீளத்துலதா பெருசு, 4795. இந்த அளவு எல்லாம் கண்ணாடி சேர்க்காம. அப்ப ஆறேகால் அடின்னு வச்சிக்கோங்க, கேட்டு எட்டு அடின்னா ரெண்டு பக்கமும் ஒரு ஜாண் மிச்சம், அந்த ஜாண்லதா கண்ணாடியும் போவணும். கேட்டுக்கு நேரா ரோடு அகலமா இருந்தா பரவால்ல, கொசப்பேட்டை, சைதாப்பேட்டை மாதிரி தெருவுல வண்டிய ஒடிச்சு உள்ள உடணும்னா எதிர் வீட்டு திண்ணை, கரண்ட் கம்பம், ராத்திரியில நிக்கற பைக்கு எல்லாம் கணக்குல வரும்.

நான் இன்னா பண்ணன்னா, போர்ட்டிகோல அம்மா கிட்ட கோலமாவு வாங்கி 15 அடி 4 இன்ச்சுக்கு 6 அடி 4 இன்ச்னு ஒரு டப்பா போட்டன். போட்டு பார்த்தா பின்னாடி டயர் வர்ற எடத்துல கரெக்டா சம்ப் மூடி! பழைய வண்டி நீளம் கம்மி, அதனால இத்தினி வருஷமா அது மேல ஏறவே இல்ல. புதுசு ஆளு, லக்கேஜ் எல்லாம் சேர்த்தா ரெண்டு டன்னுக்கு மேல, அந்த சிமெண்ட் மூடி மேல தெனம் ஏறி எறங்குனா இன்னா ஆவும்? கொத்தனார கூப்ட்டு மூடிய மாத்தி கம்பி கட்டி ஸ்லாப் போட்டதுக்கு அப்புறம்தா புக்கிங்குக்கே போனன். கோடு போட்ட பிறகு கதவு தெறக்க ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு அடி இருக்கான்னும் பாருங்க, இல்லன்னா தெனம் வண்டிய வெளிய நிறுத்தித்தா ஆள ஏத்தணும், மழையில நனஞ்சிகினு.

டெஸ்ட் டிரைவுக்கு தனியா போவாதீங்க. கால் வலி இருக்கற ஆள கூட்டினு போங்க. எங்க அம்மா ஒரு வண்டில ஏற முடியாம கைப்புடிய புடிச்சிகினு தொங்கனாங்க, சேல்ஸ் பையன் "சைட் ஸ்டெப் போட்டுக்கலாம்ணா"ன்னான். போட்டுக்கலாம், ஆனா ஸ்டெப் போட்டு ஏறிப் பார்த்துட்டு வாங்கறது வேற, போட்டா சரியாயிடும்னு நம்பி வாங்கறது வேற. மூணாவது வரிசையில உங்க வீட்டு பெரிய ஆள ஒருத்தர பத்து நிமிஷம் உக்கார வச்சு ஓட்டுங்க, முட்டி நெஞ்சுக்கு வருதான்னு பாருங்க. அப்புறம் மூணாவது வரிசை சீட்ட நிமுத்தி வச்சா பின்னாடி எவ்ளோ எடம்னு பாருங்க. முக்காவாசி வண்டில ரெண்டு பைதா நிக்கும். ஆறு பேரு திருப்பதி போயி மொட்ட போட்டுட்டு வரணும்னா லக்கேஜ் மடியிலதா. எங்களுக்கு ஒடுகத்தூர் பக்கம் கொஞ்சம் நெலம் கீது, அங்கிருந்து கத்திரிக்கா மூட்டை, தேங்கா எல்லாம் வரும், அதனால சீட்டு தட்டையா மடியுதான்னு நான் ரொம்ப பார்த்தன், சிலதுல மடிச்சாலும் ஒரு மேடு மாதிரி நிக்குது.

அவங்க சொல்ற ரூட்ல ஓட்டாதீங்க, பைபாஸ் சர்வீஸ் ரோட்ல போயி திரும்பி வந்தா எல்லா வண்டியும் வெண்ணெய் மாதிரிதா இருக்கும். கிரீன் சர்க்கிள் நெரிசல்ல ஊர உடுங்க, காட்பாடி பாலத்துல பாதி ஏத்தத்துல நிறுத்தி எடுங்க. முடிஞ்சா உங்க வீட்டு கேட்டு வரைக்கும் கொண்டாந்து ஒரு தபா உள்ள உட்டு பாருங்க, கேட்டா ஒத்துக்குவாங்க. அப்புறம் மத்தியானம் ரெண்டு மணிக்கு போங்க. வேலூர் வெயில்ல ஒரு மணி நேரம் நின்ன வண்டில ஏசி போட்டு கடைசி வரிசைக்கு எத்தினி நிமிஷத்துல சில்லுனு வருதுன்னு பார்த்தாதா நமக்கு ஆவும், காலைல பத்து மணிக்கு எல்லா ஏசியும் நல்லாதா இருக்கும்.

டீசலா பெட்ரோலா? இதுல நெறைய பேரு பழைய ஞாபகத்துலயே டீசல்னு சொல்லிடறாங்க. பிஎஸ் 6ங்கற புது புகை விதிப்படி வர்ற டீசல் வண்டில டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் கீது, புகையில வர்ற கரிய புடிச்சு வச்சிக்கும், புகை நல்லா சூடானாதா அந்த கரி எரிஞ்சு ஃபில்டர் க்ளீன் ஆவும். தெனம் சத்துவாச்சாரில இருந்து ஆஃபீஸு, ஆஃபீஸ்ல இருந்து ஸ்கூலுன்னு மூணு கிலோமீட்டர் ஓட்டறவங்களுக்கு அது சூடாவவே ஆவாது, அடச்சிக்கும், டேஷ்போர்டுல லைட்டு எரியும், அப்பவும் உட்டா சர்வீஸ்ல பெரிய செலவு. வாரத்துக்கு ஒரு தபாவாவது ஹைவேல அரை மணி நேரம் ஒரே ஸ்பீடுல ஓட்டணும். ஆம்பூர் போயி பிரியாணி சாப்ட்டு வந்தா ஃபில்டருக்கும் நல்லது, வீட்ல சொல்ல ஒரு காரணமும் ஆச்சு! சில டீசல் வண்டிக்கு ஆட்புளூவும் ஊத்தணும், யூரியா கலந்த தண்ணி அது, டீசல் டேங்க்ல தப்பி ஊத்திட்டா கதை முடிஞ்சிச்சு, வண்டி ஸ்டார்ட்டே பண்ணக்கூடாது. மாசத்துல நாலு தபா சென்னை, பெங்களூருன்னு போறவங்க டீசல் எடுங்க, ஊருக்குள்ளயே சுத்தறவங்க பெட்ரோல் எடுங்க, மைலேஜ் கம்மிதா, தெரிஞ்சே எடுங்க.

வெலைக்கு வருவோம். கொட்டேஷன் பேப்பர்ல ஒவ்வொரு வரிக்கும் இது இன்னான்னு கேளுங்க. எக்ஸ் ஷோரூம்லயே ஜிஎஸ்டி அடக்கம். நீளம் நாலு மீட்டருக்கு மேல, இன்ஜின் 1500 சிசிக்கு மேல, கிரவுண்ட் கிளியரன்ஸ் 170 மில்லிமீட்டரும் இருக்கற எஸ்யூவிக்கு முன்ன 28 சதவீதம் ஜிஎஸ்டி, 22 செஸ், ஆக 50. 2025 செப்டம்பர் 22ல இருந்து செஸ் போயி 40 ஆயிடுச்சு. அதுக்கப்புறம் ரோடு டாக்ஸ், நம்ம தமிழ்நாட்ல 2023 நவம்பர்ல ஏத்தனது, 10 லட்சத்துல இருந்து 20 லட்சம் வரைக்கும் 18 சதவீதம், 20க்கு மேல 20 சதவீதம். இங்கதா ஒரு பள்ளம் கீது. 19 லட்சத்து 90 ஆயிரம் வண்டிக்கு டாக்ஸ் 3,58,200. அடுத்த வேரியண்ட் 20 லட்சத்து 30 ஆயிரம்னா டாக்ஸ் 4,06,000. வண்டி வெலையில வித்தியாசம் 40,000, டாக்ஸ்ல வித்தியாசம் 47,800! சன்ரூஃபுக்காக மேல போறவங்க இந்த கணக்க ஒரு தபா போட்டு பார்த்துக்கோங்க. 10 லட்சத்துக்கு மேலன்னா 1 சதவீதம் டிசிஎஸ்னு வருமான வரிக்கு முன்கூட்டியே புடிப்பாங்க, அது போவற காசு இல்ல, பான் நம்பர் ஒழுங்கா குடுத்தீங்கன்னா வருமான வரி ரிட்டர்ன்ல கழிச்சிக்கலாம். மத்தபடி ஆக்சசரீஸ் பேக்கேஜ், கோட்டிங், ஹேண்ட்லிங் இதெல்லாம் பேசிப்பேசி கொறைக்க வேண்டிய ஐட்டம். நான் போன ஒரு எடத்துல பேக்கேஜ் எடுக்கலன்னா டெலிவரி லேட் ஆவும்னான், எழுந்து வந்துட்டன், மறுநாள் அவனே ஃபோன் பண்ணான்.

இன்சூரன்ஸ் ஷோரூம்லதா போடணும்னு சட்டம் இல்ல. வெளியில ரெண்டு கொட்டேஷன் வாங்கி காட்டுங்க, உடனே எறங்கும். புது காருக்கு தேர்டு பார்ட்டி மூணு வருஷத்துக்கு சேர்த்து கட்டணும், அதுல பேரம் வேலைக்கு ஆவாது. மத்ததுல கொறைக்கலாம். அத விட முக்கியம் என்சிபி, அதாவது நோ கிளைம் போனஸ். பழைய வண்டில அஞ்சு வருஷம் கிளைம் பண்ணாம இருந்தா 50 சதவீதம் தள்ளுபடி சேர்ந்திருக்கும், அது வண்டியோட சொத்து இல்ல, உங்க சொத்து. பழைய வண்டிய வித்த பேப்பர காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கிட்ட என்சிபி லெட்டர் வாங்கினா மூணு வருஷம் வரைக்கும் செல்லும், புது வண்டி ஓன் டேமேஜ் (நம்ம வண்டி சேதத்துக்கான) பிரீமியம்ல பாதி கொறையும். நெறைய பேரு இத வாங்காமலே உட்டுடறாங்க, எக்ஸ்சேஞ்ச் பண்ணோம் முடிஞ்சிச்சுன்னு.

இப்ப பழைய வண்டி. எக்ஸ்சேஞ்ச்னா நோவு இல்ல, வெல கம்மி. வெளியில வித்தா வெல கூட, நோவும் கூட. எக்ஸ்சேஞ்ச் பண்றதா இருந்தாலும் மொதல்ல புது வண்டி வெலய தனியா பேசி எழுதி வாங்கிட்டு அப்புறம் பழசப் பத்தி வாயத் தொறங்க, இல்லன்னா இங்க குடுக்கற மாதிரி குடுத்து அங்க புடிச்சிக்குவாங்க.

வெளியில விக்கறவங்களுக்கு ஒன்னு சொல்றன், இது நான் பட்டது. கொஞ்ச வருஷம் முன்ன ஒரு பைக்க புரோக்கர் கிட்ட குடுத்தன், "பேர நான் மாத்திக்கறன்ணா"ன்னான், உட்டுட்டன். எட்டு மாசம் கழிச்சு எவனோ திருப்பத்தூர் பக்கம் மூணு பேரா ஹெல்மெட் இல்லாம போனதுக்கு என் ஃபோனுக்கு சலான் வருது. சலானோட போச்சுன்னு வச்சிக்கோங்க. ஆக்சிடென்ட் ஆயிருந்தா ஆர்சில யார் பேரு இருக்கோ அவர்தா ஓனர், நஷ்ட ஈடு அவர் தலையிலதான்னு 2018ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. அதனால பேரு மாத்தற ஃபார்ம் 29, ஃபார்ம் 30ல கையெழுத்து போட்டுக் குடுத்துட்டு வந்துடாதீங்க, வித்த 14 நாளுக்குள்ள ஆர்டிஓக்கு நீங்களும் தெரியப்படுத்தணும், பேரு மாறிச்சான்னு பரிவாகன்ங்கற அரசாங்க சைட்ல நீங்களே பாருங்க. நமக்கு சித்தூர் பக்கத்துலயே இருக்கறதால ஆந்திரா ஆளுங்க வந்து கேப்பாங்க, நல்ல வெலயும் குடுப்பாங்க, ஆனா ஃபார்ம் 28ல என்ஓசி (தடையில்லா சான்று) வாங்கித்தா அனுப்பணும். லோன்ல எடுத்த வண்டின்னா பேங்க் என்ஓசியும் ஃபார்ம் 35ம் குடுத்து ஆர்சில ஹைப்பாத்திகேஷன, அதாவது வண்டி பேங்க் அடமானத்துல இருக்குங்கற குறிப்ப, எடுத்துருங்க, லோன் முடிஞ்சும் அது அப்படியே நிக்கற ஆர்சி நெறைய பார்த்திருக்கன். டெலிவரி நோட்ல தேதி மட்டும் இல்ல மணியும் எழுதுங்க, வாங்கறவர் ஆதார் காப்பி, வண்டியோட அவர் நிக்கற ஒரு ஃபோட்டோ. பழைய ஃபாஸ்டேக்க கிழிச்சு போட்டா மட்டும் பத்தாது, பேங்க்ல சொல்லி குளோஸ் பண்ணுங்க.

புக்கிங் நேரம்னா ஆடி மாசம் நல்லது. யாரும் டெலிவரி எடுக்க மாட்டாங்க, ஷோரூம் காத்து வாங்கும், பேரம் நல்லா படியும். ஆடில பேசி முடிச்சு ஆவணில எடுங்க. டிசம்பர் தள்ளுபடி பெருசா தெரியும், ஆனா ஜனவரி வந்தா உங்க வண்டி போன வருஷ மாடல், விக்கறப்ப அது இடிக்கும். நான் ஆயுத பூஜைக்கு எடுத்தன், அன்னிக்கு கூட்டம் கல்யாண மண்டபம் மாதிரி. அதனால வண்டிய நாலு நாள் முன்னாடியே, நம்பருக்கு அனுப்பறதுக்கு முன்ன, பகல் வெளிச்சத்துல போயி பார்த்துட்டன். பெயிண்ட்ட சாய்ச்சு பாருங்க, கிலோமீட்டர் பாருங்க, எல்லா கண்ணாடியும் எறக்கி ஏத்துங்க. டயர்ல நாலு நம்பர் இருக்கும், 3225ன்னா 2025ல 32வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம், அஞ்சு டயரும் கிட்டக்கிட்ட இருக்கணும், ஸ்டெப்னிய குனிஞ்சு பாருங்க. ரிஜிஸ்ட்ரேஷன் ஆயிடுச்சுன்னா அப்புறம் எது சொன்னாலும் சர்வீஸ்ல பார்த்துக்கலாம்ணான்னு ஒரே பாட்டுதா.

பூஜை போட்டு எலுமிச்சம்பழத்து மேல ஏத்தறப்ப ஆட்டோமேட்டிக் வண்டி புதுசுன்னா காலு பிரேக்லயே இருக்கட்டும், ஆக்சிலேட்டர தொடவே வேணாம், பிரேக்க லேசா உட்டாலே தானா நகரும். செல்லியம்மன் கோயில் வாசல்ல எங்களுக்கு முன்ன நின்னவரு பதட்டத்துல அழுத்திட்டாரு, எலுமிச்சம்பழத்தோட பூக்கடை கூடையும் போச்சு. மொத ரெண்டு வாரம் லாங் பஜார் பக்கமே போவாதீங்க, காலைல ஆறு மணிக்கு கோட்டைய சுத்தி ரெண்டு ரவுண்டு ஓட்டினா முன்னாடி மூக்கு எங்க முடியுதுன்னு கைக்கு வந்துடும்.

கடைசியா ஃபாஸ்டேக். 2025 ஆகஸ்ட் 15ல 3,000 ரூபாய்க்கு 200 டிரிப்னு வருஷ பாஸ் ஒன்னு வந்துச்சு, தேசிய நெடுஞ்சாலையில சொந்த வண்டிக்கு மட்டும். பள்ளிகொண்டா, வாலாஜா டோல்ல அடிக்கடி போறவங்களுக்கு லாபம். ஆனா அது ஒரு வண்டிக்குத்தா, இன்னொன்னுக்கு மாத்த முடியாது, அதனால விக்கப் போற வண்டிக்கு போட்டுடாதீங்க. புது வண்டிக்கு ஷோரூம்ல சேசிஸ் நம்பர்லயே டேக் ஒட்டிக் குடுப்பாங்க, அதுல வண்டி நம்பர ஏத்தற வரைக்கும் பாஸ் எடுக்க உடாது. எனக்கு அது தெரியாம ரெண்டு நாள் ஆப்போட சண்ட போட்டன்.