ஆற்றங்கரைத் தொல்லியல் இடங்களைக் கண்காணிப்பது எப்படி?

ஆற்றோரத்தில் இருக்கும் பழைய குடியிருப்புத் தடங்கள் பெரும்பாலும் ஒரே நாளில் அழிவதில்லை. இந்த வெள்ளத்தில் ஒரு சாண், அடுத்ததில் ஒரு முழம் என்று கரை கரைந்துகொண்டே வரும், ஒருநாள் போய்ப் பார்த்தால் செங்கல் சுவரே தண்ணீருக்குள் கிடக்கும். எப்போது போனது, எதனால் போனது என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. அந்தப் பதிலைக் கையில் வைத்திருப்பதற்குத்தான் கண்காணிப்பு. தொல்லியல் படித்திருக்க வேண்டியதில்லை, அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிற பொறுமை வேண்டும்.

முதல் வேலை அனுமதி. நிலத்துக்கு உரியவரிடமும் தொல்லியல் துறையிடமும் பேசிவிடுங்கள். சட்டம் இடத்துக்கு இடம் மாறும். லண்டன் தேம்ஸ் ஆற்றின் கரைப்படுகையில் வெறும் கண்ணால் பொருள் தேடுவதற்குக்கூட அனுமதிச் சீட்டு வேண்டும். அதே கரையில் 2008 முதல் தன்னார்வலர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு, கடல் ஓதம் வடிந்து ஆற்று நீரும் இறங்கியிருக்கும் சில மணி நேரத்தில் வெளியே தெரிகிற பழைய மரக்கட்டுமானங்களைப் பதிவு செய்து வருகிறார்கள். துறையோடு சேர்ந்து செய்தால் உங்கள் பதிவுக்கும் மதிப்பு கிடைக்கும்.

அடுத்தது படம். அழகான படமெல்லாம் தேவையில்லை, ஒப்பிடக்கூடிய படம்தான் தேவை. நான்கைந்து நிலையான இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் எங்கே நிற்கிறீர்கள், எந்தத் திசையைப் பார்க்கிறீர்கள், பின்னணியில் எந்தப் பாறையோ கட்டடமோ படச்சட்டத்தின் எந்த ஓரத்தில் வருகிறது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கைபேசி ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும், அதை மட்டும் நம்பினால் கரை நகர்ந்ததா நீங்கள் நகர்ந்தீர்களா என்றே தெரியாமல் போய்விடும். போகும்போது முந்தைய படத்தை அச்செடுத்துக் கொண்டுபோய், அதைப் பார்த்தே படச்சட்டத்தைப் பொருத்துங்கள். அளவுகோல் ஒன்று படத்துக்குள் இருக்கட்டும். நீர்மட்டத்தையும் குறியுங்கள், ஏனென்றால் தண்ணீர் ஏறியிருக்கும் நாளில் எடுத்த படத்தையும் இறங்கிய நாளில் எடுத்த படத்தையும் வைத்துக்கொண்டு கரை எவ்வளவு போனது என்று சொல்ல முடியாது.

அளக்க எளிய வழி, கரை விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, ஏற்கெனவே இருக்கும் அசையாத ஒரு பொருளிலிருந்து விளிம்பு வரை நாடா பிடிப்பது. கரை முகத்தில் இரும்புக் கம்பியைக் கிடையாகச் செருகி, எத்தனை சென்டிமீட்டர் வெளியே வந்திருக்கிறது என்று பார்க்கும் முறையும் உண்டு. ஆனால் பானை ஓடும் சாம்பலும் தெரிகிற மண் அடுக்கில் ஒருபோதும் அடிக்காதீர்கள், எங்கே அடிக்கலாம் என்பதை ஒரு தொல்லியலாளர் வந்து காட்டட்டும்.

எப்போது போவது? வெள்ளம் வடிந்த பிறகு அவசியம் போக வேண்டும். பலர் நினைப்பதுபோல் தண்ணீர் உச்சத்தில் இருக்கும்போதுதான் கரை சரியும் என்றில்லை. நீர் ஊறிக் கனத்துப்போன மண்ணை ஆற்றுத் தண்ணீர் பக்கத்திலிருந்து தாங்கிக்கொண்டிருக்கும், அது சட்டென்று இறங்கும்போது தாங்கல் போய்க் கரை அப்படியே உட்காரும். அதனால் வடிந்த உடனே விளிம்பில் நிற்காதீர்கள், குடைந்துபோன கரைக்குக் கீழே படம் எடுக்க நுழையவே வேண்டாம், தனியாகவும் போகாதீர்கள்.

அழிவுக்குக் காரணம் சில நேரம் வெகு தொலைவில் இருக்கும். அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் 1963-இல் கிளென் கேன்யன் அணை நீரைத் தேக்கத் தொடங்கியதும் வண்டலும் அங்கேயே தங்கிவிட்டது. அணைக்குக் கீழே கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் மணல் திட்டுகள் சுருங்கின. முன்பு அந்தத் திட்டுகளிலிருந்து காற்று அள்ளி வந்து மூடிக்கொண்டிருந்த மணல் குறைந்ததால், பழங்குடிகளின் பழைய வாழிடங்கள் மழை ஓடைகளால் அரிபட ஆரம்பித்தன. ஆகவே கரையை மட்டும் பார்க்காமல் ஆற்றின் மேல்பகுதியில் மணல் அள்ளுகிறார்களா, அணையில் நீரைத் திடீரென்று திறக்கிறார்களா, படகு அலை கரையின் அடியைத் தின்கிறதா, கால்நடை இறங்கும் பாதை எங்கே என்பதையும் எழுதுங்கள்.

சரி, ஒரு பொருள் வெளியே தெரிகிறது, என்ன செய்வது? எடுக்காதீர்கள். எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் இருந்தது என்ற செய்திதான் அதன் உயிர், கையில் எடுத்த நொடியில் அது போய்விடும். இருந்த இடத்திலேயே அளவுகோலோடு படம் எடுத்து உடனே துறைக்குச் சொல்லுங்கள். ஈரச்சேற்றில் இருந்த மரம் காய்ந்தால் சுருங்கி வெடித்துவிடும், அதனால் துறையிடம் கேட்டுக்கொண்டு, வருகிறவரை ஈரச்சேற்றாலேயே மூடிவையுங்கள். மனித எலும்புபோல் தெரிந்தால் தொடாமல் காவல் துறைக்கும் சொல்ல வேண்டும்.

நல்லெண்ணத்தில் கல் கொட்டுவதும் வேண்டாம். பாறாங்கற்கள் அடியில் இருக்கும் அடுக்கை நசுக்கும், கற்கள் முடிகிற இடத்தில் நீர் சுழன்று புதிதாக அரிக்கத் தொடங்கும். துணி விரித்து மண்ணால் மூடுவது, தென்னை நார் பாய் போடுவது, அந்தக் கரைக்கே உரிய புல்லை வளர்ப்பது எல்லாம் பொறியாளரும் தொல்லியலாளரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியவை.

யாரோ திருட்டுத்தனமாகத் தோண்டுவதுபோல் புதுக் குழிகள், சல்லடை, மெட்டல் டிடெக்டர் கண்ணில் பட்டால் நேரில் போய்க் கேட்காதீர்கள், விலகி வந்து புகார் கொடுங்கள். படத்தை இணையத்தில் போடுவதற்கு முன் அதில் பதிந்திருக்கும் இருப்பிடத் தகவலை நீக்குங்கள். இதில் நான் ரொம்பக் கறார், ஆர்வத்தில் போட்ட ஒரு படமே திருடனுக்கு வழிகாட்டிவிடும்.

ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், நீர்மட்டம், பார்த்தது எல்லாவற்றையும் எழுதுங்கள். எதுவும் மாறவில்லை என்றால் ‘மாற்றமில்லை’ என்றே எழுதுங்கள், பின்னால் சேதம் எந்த இரு தேதிகளுக்கு நடுவே நடந்தது என்று காட்டப்போவது அந்த வரிதான். அப்புறம், நோட்டின் நகல் ஒன்றைத் துறையிடம் கொடுத்துவிட்டு, படம் எடுக்கும் இடங்களை இன்னொருவருக்கும் நேரில் கூட்டிப்போய்க் காட்டிவையுங்கள்.