முகச் சமநிலைக்கான அழகியல் சிகிச்சை: மருத்துவரிடம் ஆலோசனை பெறுவது எப்படி?

இரு பாதியும் அச்சு அசலாக ஒன்றுபோல் அமைந்த முகம் எவருக்கும் இல்லை. ஆனாலும், மூக்கின் வளைவோ தாடையின் ஒரு பக்கப் பருமனோ ஒருவரின் மனத்தை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தால், அதை வீண் கவலை என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. ஆலோசனைக்குச் செல்பவர், தாமே முடிவுசெய்த சிகிச்சையின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, தமக்கு உறுத்துவது எது என்பதைச் சொல்லி அதற்கான காரணத்தைக் கேட்பதே நல்லது. முகம் திடீரெனக் கோணலாகிவிட்டால் மட்டும் இதற்கெல்லாம் நேரமில்லை. அது பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

செல்ஃபியை வைத்து முகத்தை எடைபோட வேண்டாம். சுமார் 30 சென்டிமீட்டர் தொலைவில் எடுக்கும் படத்தில் மூக்கு உள்ளதைவிடப் பெரிதாகவே தெரியும். ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, வேறொருவரைக் கொண்டு, நேராகவும் இரு பக்கவாட்டிலும், சிரித்தும் சிரிக்காமலும் படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளுக்கு முந்தைய படங்களையும் கொண்டுசென்றால், மாற்றம் அண்மையில் வந்ததா, பிறவியிலேயே உள்ளதா என்பது மருத்துவருக்கு விளங்கும்.

யாரிடம் செல்வது என்பதில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள். வெளியே ஒன்றுபோலத் தெரியும் குறைகள் எலும்பு, பற்கள், தசை, கொழுப்பு, தோல் ஆகியவற்றில் எதிலிருந்தும் தோன்றலாம். மோவாய் உள்வாங்கியிருப்பதாலேயே மூக்கு பெரிதாகத் தோன்றுவதுண்டு. அப்போது மூக்கை மட்டும் திருத்தினால் மனக்குறை தீராமல் போகலாம். உறக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கத்தால் தாடைத் தசை பருத்திருந்தால் அதற்கான வழி வேறு. பற்கள் சரியாகப் பொருந்தாவிட்டால் பல் சீரமைப்பு நிபுணரையும் தாடை அறுவை சிகிச்சை நிபுணரையும், மூச்சுத் தடையும் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரையும், தோலும் சதையும் தொடர்பானவற்றுக்குத் தோல் மருத்துவரையோ பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை நிபுணரையோ அணுகலாம். அவர் உரிய மருத்துவப் பதிவு பெற்றவர்தானா என்பதை முன்கூட்டியே சரிபார்த்துவிடுங்கள்.

உட்கொள்ளும் மருந்துகள், குறிப்பாக இரத்தம் உறைவதைத் தடுப்பவை, ஒவ்வாமை, புகைப்பழக்கம், கர்ப்பம், முன்பு செய்துகொண்ட சிகிச்சைகள் ஆகியவற்றில் எதையும் மறைக்காதீர்கள். பிறகு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். சிகிச்சையை உங்கள் கையாலேயே செய்வீர்களா, எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும், விளைவு எவ்வளவு காலம் நிற்கும்? தசையைத் தளர்த்த ஊசியால் செலுத்தும் போட்டாக்ஸின் பலன் பொதுவாக மூன்று நான்கு மாதங்களில் குறைந்துவிடும். மூக்கு அறுவை சிகிச்சைக்குப் பின் வீக்கம் முழுமையாக வடிய ஓராண்டுகூட ஆகலாம். ஃபில்லர், அதாவது பள்ளமான இடத்தை நிரப்ப ஊசியால் செலுத்தும் பொருள் என்றால், இன்னொரு கேள்வியும் கட்டாயம் தேவை. அது தவறி இரத்தக் குழாய்க்குள் சென்றால் தோல் திசு அழியலாம், அரிதாகப் பார்வையே பறிபோகலாம். ஹயலூரோனிக் அமில ஃபில்லரைக் கரைக்கும் ஹயலூரோனிடேஸ் மருந்து அங்கேயே கைவசம் இருக்கிறதா, அத்தகைய நெருக்கடியைக் கையாளும் பயிற்சி அங்குள்ளவர்களுக்கு உண்டா என்று கேளுங்கள். இதற்கு முகம் சுளிக்கும் இடத்தில் சிகிச்சை செய்துகொள்ள வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

பிறர் கண்ணுக்குப் படாத குறையை எண்ணி நாளின் பல மணிநேரம் கண்ணாடி முன் கழிகிறதென்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். உடல் தோற்றக் கோளாறு என்ற மனநலச் சிக்கலாக அது இருக்கலாம். அழகியல் சிகிச்சையால் அந்த வேதனை பெரும்பாலும் தணிவதில்லை, மனநல சிகிச்சையால் தணியும்.

அன்றைக்கே முன்பணம் கட்டினால் சலுகை என்று சொன்னாலும் அன்று முடிவெடுக்காதீர்கள். சிகிச்சைத் திட்டத்தையும், மறுசிகிச்சை தேவைப்பட்டால் ஆகும் செலவையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, இரண்டு வாரமாவது யோசித்து, இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டுவிடுங்கள். அதன்பின் சிகிச்சை செய்துகொள்வதென்று முடிவானால், செலுத்தும் மருந்தின் பெயர், அதன் தொகுப்பு எண் (பேட்ச் நம்பர்), இரவிலும் அழைக்கக்கூடிய தொலைபேசி எண் ஆகிய மூன்றையும் குறித்து வாங்கிக்கொண்ட பிறகே அங்கிருந்து புறப்படுங்கள்.