புரொப்பல்லரைச் சுத்தியால் தட்டிக் கழற்றாதீர்கள்

ஸ்கீ போட் (தண்ணீரில் சறுக்குபவர்களை இழுத்துச் செல்லும் போட்) வைத்திருக்கும் நண்பர் ஒருவர், கிருஷ்ணகிரியில் இருக்கும் எங்கள் லேத் பட்டறைக்குப் புரொப்பல்லரோடு, அதாவது போட்டைத் தள்ளும் விசிறியோடு, வந்தார். "போட் உதறுதுங்க" என்றார். றெக்கை ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், ஒரு இடத்தில் தட்டியது. சின்ன நெளிவுதான். ஆனால் அந்த உதறலே, புரொப்பல்லரைச் சுற்றும் தண்டான ஷாஃப்டின் பேரிங்கைத் தின்றுவிடும். வீட்டில் தட்டி நிமிர்த்த வேண்டாம், புரொப்பல்லர் சரிசெய்பவரிடமே கொடுங்கள்.

கழற்றப் புல்லர் (பிடித்து இழுத்துக் கழற்றும் கருவி) மட்டும்தான். சுத்தியால் அடித்தால் ஷாஃப்டே வளையும்.

மாட்டும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதலில் கீ (புரொப்பல்லர் ஷாஃப்டில் வழுக்காமல் பிடிக்கும் சின்ன உலோகத் துண்டு) இல்லாமல், ஷாஃப்ட் முனையின் கூம்பிய பகுதியான டேப்பரில் புரொப்பல்லரை இறுக்கித் தள்ளி, அதன் நடுப்பகுதியான ஹப்பின் முன்விளிம்பு நிற்கும் இடத்தில் ஷாஃப்டில் மார்க்கரால் கோடு போடுங்கள். அப்புறம் கீ வைத்துத் தள்ளுங்கள். அதே கோட்டுக்கு வரவில்லையா? ஹப் கீ மேல் ஏறி நிற்கிறது, மையம் விலகும். கீயின் மேல்பக்கத்தை அரம் போட்டுக் குறைத்து மறுபடி பாருங்கள். நட்டை இறுக்கியதும் அது கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னைப் புதிதாகப் போடுங்கள்.

புதிதாக வாங்கினால், 13x12 என்பதில் முதல் எண் விட்டம், அடுத்தது பிட்ச் (கணக்குப்படி ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்), இரண்டும் அங்குலத்தில். பிட்ச் குறைந்தால் இழுவை கூடும், உச்ச வேகம் குறையும். ஆட்களை இழுக்கும் போட்டுக்கு நான் இழுவையைத்தான் பார்ப்பேன். ஷாஃப்ட் வலமா இடமா சுற்றுகிறது என்பதையும் பார்த்தே வாங்குங்கள்.