வாங்கும் பழக்கத்தை மாற்றுப் பொருளாதார நோக்கில் ஆராய்வது எப்படி?

மாற்றுப் பொருளாதாரம் என்பது வழக்கமான பாடநூல் பொருளாதாரத்துக்கு வெளியே உள்ள பார்வைகள். முதலில், குடும்பச் செலவை விலைப்படி அல்ல, தேவைப்படி பிரியுங்கள்: உணவு, இருப்பிடம், பயணம், கல்வி. அந்தஸ்துக்குத் தனித் தலைப்பு வேண்டாம். அது எல்லாவற்றிலும் ஒளிந்திருக்கும். அன்றாடச் செலவுக்கு இரண்டு வார நாட்குறிப்பு போதும். ஃபிரிட்ஜ், வாகனம் போன்றவற்றுக்கு 12 மாதக் கணக்கு கேளுங்கள், இல்லாவிட்டால் நழுவிவிடும்.

அடுத்து, யாரைப் பார்த்து வாங்கினார்கள்? இதுதான் முக்கியம். நுகர்வு சுற்றியிருப்பவர்களின் நிலையையும், முன்பு எட்டிய உச்ச வருமானத்தையும் பொறுத்தது என்றார் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் டியூசன்பெரி (1949). அதனால் வருமானம் சரிந்த வீடுகளைத் தனியே பாருங்கள்: செலவு அதே வேகத்தில் குறையாது, கடன் ஏறலாம். கடன் தவணையைப் பதியாத கேள்வித்தாள் இங்கே வீண்.

“ஏன் வாங்கினீர்கள்?” என்றால் பெரும்பாலும் சமாதானம்தான் வரும். “வேறு எதைப் பார்த்தீர்கள், தேடுவதை எப்போது நிறுத்தினீர்கள்?” என்று கேளுங்கள்.