வாலிபர் கூட்டத்தில் அறிவியலையும் விசுவாசத்தின் முரண்புதிர்களையும் எப்படிப் பேசுவது

சென்னையில் எந்தச் சபையின் வாலிபர் கூட்டத்துக்குப் போனாலும் பாதிப் பேர் இன்ஜினியரிங் படிக்கிறவர்கள், மீதியில் சிலர் நீட்டுக்குத் தயாராகிறவர்கள். "இயேசு முழுக்க மனுஷன், முழுக்க தேவன்னா கணக்கு இடிக்குதே அண்ணா" என்று இவர்களில் ஒருவர் கேட்கும்போது, "அதெல்லாம் விசுவாசம்பா, ஆராயக்கூடாது" என்று வாயை அடைத்துவிட்டால், அந்தப் பிள்ளை அதற்கப்புறம் கேள்வியே கேட்காது. கொஞ்ச நாளில் கூட்டத்துக்கும் வராது. இப்படி இரண்டு உண்மைகள் ஒன்றோடொன்று இடிக்கிற மாதிரித் தெரிவதைத்தான் முரண்புதிர் என்கிறோம். அந்தப் பிள்ளைக்கு அப்படி நடக்கக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு கூட்டத்தை, ஒன்றரை மணி நேரத்தை, இதற்கென்று ஒதுக்குங்கள்.

பிரசங்கத்தில் ஆரம்பிக்க வேண்டாம், வெளிச்சத்தில் ஆரம்பியுங்கள். ரிச்சி தெருவில் சின்ன சிவப்பு லேசர் பாயிண்டர் கிடைக்கும், விலை அதிகமில்லை. நீளமான தலைமுடி ஒன்றை அதன் வாயின் குறுக்கே, நேர் நடுவில் வருகிற மாதிரி இழுத்துப் பிடித்து செல்லோடேப் போட்டு ஒட்டுங்கள். முடி செங்குத்தாக நிற்கட்டும். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, லைட்டை அணைத்து, மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் அடியுங்கள். யார் கண்ணிலும் படக்கூடாது, சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்கவும் கூடாது. முடியின் நிழல் கோடாக விழும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். விழாது. நடுவில் பிரகாசமாக ஒரு திட்டு, அதன் இரண்டு பக்கமும் இருட்டு, வெளிச்சம், இருட்டு, வெளிச்சம் என்று படுக்கைவாட்டில் ஒரு வரிசை தெரியும்.

ஸ்கேல் கொடுத்து, பக்கத்து வரிசையில் ஓர் இருட்டிலிருந்து அடுத்த இருட்டு எவ்வளவு தூரம் என்று அளக்கச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட 2.5 முதல் 3 சென்டிமீட்டர் வரும். லேசரின் அலைநீளம் சுமார் 650 நானோமீட்டர். அதைச் சுவரின் தூரத்தால் பெருக்கி, அளந்த இடைவெளியால் வகுத்தால் முடியின் தடிமன் வந்துவிடும், சுமார் 0.07 மில்லிமீட்டர். இன்ஜினியரிங் பிள்ளைகள் போனை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பிப்பார்கள். போடட்டும், அவசரப்படுத்தாதீர்கள். தானே அளந்து கண்டதை யாராலும் லேசில் மறுக்க முடியாது என்பதுதான் அன்றைய கூட்டத்துக்கே அஸ்திவாரம்.

அப்புறம் கதைக்கு வாருங்கள். வெளிச்சம் துகள்களால் ஆனது என்றார் நியூட்டன். 1800-களின் தொடக்கத்தில் தாமஸ் யங், மெல்லிய அட்டையால் சூரியக் கதிரைப் பிளந்து, நீங்கள் சுவரில் பார்த்த இதே வகை வரிசையைக் காட்டி (அலைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால்தான் இப்படி இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி வரும்), இல்லை, அலைதான் என்றார். நூறு வருஷம் அலைதான் ஜெயித்தது. 1905-இல் ஐன்ஸ்டைன், உலோகத்தின் மேல் வெளிச்சம் பட்டு எலெக்ட்ரான் வெளியேறுவதை விளக்க வேண்டுமானால் வெளிச்சம் சிப்பம் சிப்பமாக வர வேண்டும் என்றார். 1921-ஆம் ஆண்டு நோபல் பரிசு அவருக்கு இதற்காகத்தான் கிடைத்தது, சார்பியலுக்காக அல்ல. 1909-இல் ஜி. ஐ. டெய்லர் வெளிச்சத்தை மிக மிக மங்கலாக்கி, மாதக்கணக்கில் போட்டோ தகட்டில் விழ விட்டார். அப்படியும் அதே வரிசை வந்தது. இன்னும் ஆழமாகப் போக வேண்டுமென்றால் தாம்சன் குடும்பத்தைச் சொல்லுங்கள். அப்பா ஜே. ஜே. தாம்சன் 1897-இல் எலெக்ட்ரானைத் துகளாகக் கண்டுபிடித்து 1906-இல் நோபல் வாங்கினார். மகன் ஜி. பி. தாம்சன், அதே எலெக்ட்ரான் அலையாக நடந்துகொள்கிறது என்று காட்டி 1937-இல் வாங்கினார். இரண்டு பேரும் சரி.

இங்கே நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: விஞ்ஞானிகள் ஏன் ஒரு பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கவில்லை? யாராவது ஒருவர் சொல்லிவிடுவார், அப்படிச் செய்தால் நடந்த ஒரு சோதனையை நடக்கவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும் என்று. அதுதான் பதில்.

இப்போது வேதாகமத்தைத் திறக்கலாம். முதலில் உபாகமம் 6:4, கர்த்தர் ஒருவரே. சீஷர்கள் இதைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த யூதர்கள், ஒரு மனுஷனைக் கடவுளாக்க அவர்களுக்கு எந்த ஆசையும் கிடையாது. அடுத்து, படகில் அசந்து தூங்கிய, லாசருவின் கல்லறையில் அழுத, சிலுவையில் தாகமாயிருக்கிறேன் என்ற இயேசு. அதற்கும் அடுத்து யோவான் 20:28, காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று அடம்பிடித்த தோமா, "என் ஆண்டவரே! என் தேவனே!" என்கிறார். தோமாவோடு பாரம்பரியம் இணைத்துச் சொல்கிற பரங்கிமலையும் சாந்தோமும் இருக்கிற ஊரில் தோமாவை அறிமுகப்படுத்த வேண்டியதே இல்லை. அவர் ஆதாரம் கேட்டார் என்பதற்காக இயேசு அவரை வெளியே அனுப்பவில்லை, கையைக் காட்டினார் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். இந்தச் சாட்சிகளில் எதையும் தள்ள முடியாததால்தான் 451-இல் கல்சிதோன் நகரில் சங்கமாகக் கூடிய ஆயர்கள் நான்கு 'இல்லை'களைச் சொன்னார்கள்: கிறிஸ்துவின் இரு சுபாவங்களும் கலப்பதில்லை, மாறுவதில்லை, பிளவுபடுவதில்லை, பிரிவதில்லை. எப்படி என்று அவர்கள் விளக்கவில்லை. எந்தப் பக்கத்தையும் விடக்கூடாது என்று வேலி போட்டார்கள். (கூட்டத்தில் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் நண்பர் யாராவது இருந்தால், அவர்கள் சபை இந்தச் சங்கத்தை ஏற்பதில்லை, 'ஒன்றிணைந்த ஒரே சுபாவம்' என்று வேறு விதமாக அறிக்கையிடுகிறது என்பதை மரியாதையோடு சொல்லிவிடுங்கள்.)

இதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைத்து, "வெளிச்சம் ரெண்டுமா இருக்கு, அதனால இயேசுவும் ரெண்டுமா இருக்காரு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிசிக்ஸ் படிக்கிற பிள்ளை உடனே மடக்கும், மடக்க வேண்டும். குவாண்டம் கோட்பாடு வெளிச்சத்தின் நடத்தையைச் சமன்பாட்டில் முரணில்லாமல் எழுதிவிடுகிறது. போட்டான் என்கிற அந்த வெளிச்சச் சிப்பம் கிறிஸ்துவின் இரு சுபாவங்களையோ, ஒரே தேவன் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று இருக்கிற திரித்துவத்தையோ நிரூபிக்கவில்லை. நாம் காட்ட வந்தது, நேர்மையாகப் பார்ப்பவர்கள் இரண்டு பக்கத்துச் சாட்சிக்கும் எப்படிக் கட்டுப்படுகிறார்கள் என்பதை மட்டும்தான். திரித்துவத்துக்குச் சொல்கிற தண்ணீர், ஐஸ், நீராவி உதாரணத்தையும் விட்டுவிடுங்கள். ஒரே தேவன் மூன்று வேஷத்தில் வருகிறார் என்பது மூன்றாம் நூற்றாண்டில் சபெல்லியு சொன்னது, சபை அப்போதே அதை மறுத்துவிட்டது.

எல்லா முரண்புதிரும் முரண்புதிராகவே நிற்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எண்ணற்ற நட்சத்திரங்கள் இருந்தும் இரவு ஏன் இருட்டு என்று 1823-இல் வானியலாளர் ஓல்பர்ஸ் கேட்டார். பிரபஞ்சத்துக்கு ஒரு வயது உண்டு, தொலைவிலிருக்கும் நட்சத்திரங்களின் ஒளி நம்மை எட்ட நேரம் போதவில்லை என்பது அதற்கு முக்கியமான விடை. "பார்த்தீர்களா, அறிவியலால் முடியாது" என்று அந்த இருட்டில் கடவுளை வைத்திருந்தால் இன்று அவமானப்பட்டிருப்போம். பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டு என்ற கருத்தை 1931-இல் முன்வைத்த லெமைத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951-இல் போப்பாண்டவர் அதைப் படைப்போடு சேர்த்துப் பேசியபோது லெமைத்ருக்கே அது பிடிக்கவில்லை.

நட்சத்திரங்களை ஆராய்ந்த விஞ்ஞானி சந்திரசேகரைச் சொல்லாமல் முடிக்காதீர்கள். மெரினாவுக்கு எதிரே இருக்கிற மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-இல், 19 வயதில், கப்பலில் இங்கிலாந்து போகும் வழியிலேயே ஒரு கணக்குப் போட்டார். வெண்குறு நட்சத்திரம் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன நட்சத்திரம்) சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் கனமாக இருந்தால் தன்னைத் தாங்காது, சுருங்கிக்கொண்டே போகும். 1935-இல் லண்டனில் பெரிய வானியலாளரான எடிங்டன், இது அபத்தம் என்று எல்லோர் முன்னிலும் தள்ளினார். 1983-இல் சந்திரசேகருக்கு நோபல். அவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர், எடிங்டன் குவேக்கர் சபையைச் சேர்ந்த விசுவாசி. தவறியது விசுவாசி. இதை மறைக்காமல் சொல்லுங்கள், பிள்ளைகள் உங்களை நம்புவார்கள்.

இன்னொரு பக்கம், இடிக்கிற எல்லாவற்றுக்கும் முரண்புதிர் என்று பெயர் வைக்கவும் கூடாது. காணிக்கை போட்டால் கடன் தீரும் என்று ஒருவர் சொல்லி, போட்டவருக்குக் கடன் ஏறினால், அது தெய்வ ரகசியம் கிடையாது, தப்பான போதனை. இரண்டு பக்கமும் உறுதியான சாட்சி இருக்கிறதா என்று முதலில் கேட்கப் பழக்குங்கள்.

கடைசி இருபது நிமிஷத்தைப் பிலிப்பியர் 2:12, 13-க்கு வையுங்கள். ஒரு வசனம் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்கிறது, அடுத்த வசனமே விருப்பத்தையும் செய்கையையும் தேவனே உண்டாக்குகிறார் என்கிறது. நடுவில் "ஏனெனில்". ஜெபம் பண்ணினால் போதுமா, படிக்கவும் வேண்டுமா என்று பரீட்சை நேரத்தில் கேட்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பகுதி எனக்குத் தெரியவில்லை. இருவர் இருவராக உட்கார்ந்து, தங்கள் வாழ்க்கையில் இரண்டும் ஒன்றாக நடந்த ஒரு சம்பவத்தைப் பேசச் சொல்லுங்கள். நீங்கள் குறுக்கிடாதீர்கள்.

பதில் தெரியாத கேள்வி வந்தால் கேட்டவர் பெயரோடு நோட்டில் எழுதி, அடுத்த வாரம் ஆயரிடமோ சபையிலுள்ள ஒரு பிசிக்ஸ் ஆசிரியரிடமோ விசாரித்து, அவரிடமே போய்ச் சொல்லுங்கள். இன்னும் ஒத்துக்கொள்ளாவிட்டால் பரவாயில்லை, அடுத்த கூட்டத்தில் லேசரைப் பிடிக்கிற வேலையை அவருக்கே கொடுங்கள்.