ஸ்டைல் போட்டு வாசிக்கும்போது சறுக்கும் இடங்கள்

ஆடி மாதம் சென்னையில் நாலு அம்மன் கோயில் கச்சேரி கேட்டால் போதும். புதிதாகக் கீபோர்டு எடுத்தவர்கள் அதே பழைய பள்ளத்தில்தான் விழுகிறார்கள். ஸ்டைல் என்றால், இடது கையில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) பிடித்ததும் தாளம், பேஸ் எல்லாவற்றையும் கருவியே வாசிக்கும் தயார் பின்னணி. கட்டைகளை இடம், வலமாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட் பாயின்ட், கார்டு பிடித்ததும் ஸ்டைலைத் தொடங்கும் சிங்க் ஸ்டார்ட் எல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும், அவற்றை விட்டுவிடுவோம்.

ஏ மைனரில் வாசித்து சி-யில் பதிவது

உழைப்பை மொத்தமாக விழுங்குவது இதுதான். இருக்கிற ஸ்டைல் ஒட்டவில்லை என்று யமஹாவின் ஸ்டைல் கிரியேட்டரில் சொந்தமாகப் பதிகிறார்கள். புது ஸ்டைலில் நீங்கள் வாசிப்பது எதுவானாலும் நீங்கள் மாற்றாத வரை கருவி அதை சி மேஜர் செவன்த் கார்டுக்கு வாசித்தது என்றே எடுத்துக்கொள்ளும். பாட்டு ஏ மைனர்தானே என்று பேஸை ஏ-யிலேயே வாசித்து வைத்தால், மேடையில் ஏ மைனர் பிடித்ததும் அது மூன்று அரைஸ்வரம் தள்ளி எஃப் ஷார்ப்பில் இடிக்கும். பாடகர் திரும்பி முறைப்பார். பதறிப்போய், சுருதியை மொத்தமாக நகர்த்தும் டிரான்ஸ்போஸைத் தட்டுவார்கள். மெலடியும் சேர்ந்து நகரும், அபஸ்வரம் அப்படியே நிற்கும். பிறகு நாலு மெயின் (பாட்டு நெடுக ஓடும் பகுதி), எட்டுச் சேனல் (தனித்தனித் தடம்), எல்லாம் மறுபடி முதலிலிருந்து!

எந்தக் கார்டில் வாசிக்கிறீர்கள் என்று கருவிக்குச் சொல்பவை சோர்ஸ் ரூட்டும் (கார்டின் மூல ஸ்வரம்) சோர்ஸ் கார்டும் (அதன் வகை). பதியும் முன்பே சோர்ஸ் ரூட்டை ஏ, சோர்ஸ் கார்டை மைனர் என்று மாற்றுங்கள். இல்லையா, சி-யிலேயே வாசியுங்கள்: பேஸ், ஃபிரேஸ் (சிறு மெட்டுத் துணுக்கு) சேனல்களில் சி, டி, ஈ, ஜி, ஏ, பி; கார்டு, பேட் (நீண்டு ஒலிக்கும் பின்னணி) சேனல்களில் சி, ஈ, ஜி, பி மட்டும். கேட்க மேஜராக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். சி மைனர் பிடித்தால் ஈ தானாக ஈ ஃபிளாட் ஆகும்.

தபலாவை ஃபிரேஸ் சேனலில் பதிவது இதன் தம்பி. தபலா கிட்டில் (தாள ஒலிகளின் தொகுப்பு) கட்டைக்கு ஒரு சொல். கார்டு சி-யிலிருந்து எஃப்-க்குப் போனால் எல்லாம் ஐந்து கட்டை தள்ளிப்போய், 'நா' விழ வேண்டிய இடத்தில் வேறேதோ விழும். ரிதம் சேனலில் வையுங்கள். முடியாவிட்டால் என்டிஆர் (ரூட் மாறும்போது ஸ்வரத்தை நகர்த்தும் விதி) ரூட் ஃபிக்ஸ்டு, என்டிடி (கார்டு வகைக்கு ஏற்ப ஸ்வரத்தை மாற்றும் விதி) பைபாஸ் என்று வையுங்கள்.

கேசியோ விரல், யமஹா கட்டை

கேசியோ கார்டு முறையில் ரூட்டுக்கு வலப்பக்கம் ஏதோ ஒரு கட்டையைச் சேர்த்தால் மைனர். யமஹாவின் ஒற்றை விரல் முறையில் இடப்பக்கத்துக் கறுப்புக் கட்டைதான் மைனர். இடப்பக்கத்து வெள்ளை, செவன்த். இந்தக் குழப்பமே வேண்டாம், முழுக் கார்டாகப் பிடித்துப் பழகுங்கள்.

பேஸ் கிட்டார்காரர் மேடையில் இருந்தால்

ஸ்டைலின் பேஸை அணையுங்கள்.

சிக்ஸ்-எய்ட் பாட்டுக்கு ஃபோர்-ஃபோர் ஸ்டைல்

கூடவே கூடாது, இரண்டும் வேறு தாளக் கணக்கு.

வாட்ஸ்அப்பில் வந்த ஸ்டைல்

அது கேட்கும் தபலா கிட் உங்கள் பழைய மாடலில் இல்லாவிட்டால் வேறு கிட் ஒலிக்கும். கச்சேரிக்கு முதல் நாளே மெயின், ஃபில் (இடையில் வரும் சிறு நிரப்பல்), எண்டிங் (முடிவு) எல்லாவற்றையும் கார்டு மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள்.