சின் ஒக் செங்ன் பழைய இதழ்களைத் தேடுவது எப்படி?

முதலில் பெயர்: 'சின்' பார்வை, 'செங்ன்' பழங்கதை. 1894இல் தொடங்கிய இந்த நோர்வே இதழை 'நோர்ஷ்கே சம்லாகெ' பதிப்பகம் இன்றும் வெளியிடுகிறது. மொழி நீநோர்ஷ்க். நோர்வேயின் இரண்டு எழுத்து மொழிகளில் சிறியது. கையில் இருப்பது அதுதானா என்று பார்க்க ஒரு சொல் போதும்: 'நான்' என்பது 'ஏக்' (eg) என்றிருந்தால் நீநோர்ஷ்க், 'யை' (jeg) என்றிருந்தால் மற்ற எழுத்து மொழியான புக்மோல்.

நோர்வே தேசிய நூலகத் தேடலில் நான் செய்த முட்டாள்தனம், 'நீநோர்ஷ்க்' என்றே தட்டிக்கொண்டிருந்தது. ஒரு மாலை முழுக்கப் போச்சு. 1929 வரை அந்த மொழிக்கு அதிகாரப்பூர்வப் பெயரே 'லான்ஸ்மோல்'. சரி என்று அதைப் போட்டாலும் பழைய இதழ்கள் சிக்கவில்லை. 1917 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் தலையில் வட்டமிட்ட 'ஏ' (å) கிடையாது. இரண்டு 'ஏ' (aa) அடுத்தடுத்து எழுதினார்கள். அதனால் landsmål, landsmaal என்று இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

அப்புறம், எங்கே தொடங்குவது? 1901 முதல் 1908 வரையிலான தொகுதிகளை எடுங்கள். அப்போது ஆசிரியர் ஹல்வ்டன் கூட், வரலாற்றாசிரியர். 1935இல் வெளியுறவு அமைச்சரானவர். நடுவில் 1905இல் சுவீடனுடனான ஒன்றியம் முறிந்தது. அந்த வருடத் தொகுதியை மட்டும் அவசரப்படாமல் புரட்டுங்கள்.